தலையாட்டும் வாத்தியார்

ஆலமரத்தடியில் ஒரு தேவாங்கு பாட்டு வகுப்பு நடத்தி வந்தது. கிடார், உகுலேலே, வாய்ப்பாட்டு என்று எது வேண்டுமானாலும் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும். அணில் குட்டி முதல் கிழட்டு ஆமை வரை யாரும் வரலாம்.

ஒருநாள் ஓணான் கிடார் கற்க வந்தது. தேவாங்கு கம்பியில் விரல் வைப்பதற்குள், "தெரியும் சார்" என்று தலையாட்டியது. வாரம் ஒன்றாகியும் ஒரு கம்பிகூட ஒழுங்காக ஒலிக்கவில்லை. "ஆறு கம்பி அதிகம் சார்" என்று உகுலேலேவுக்கு மாறியது. நாலு கம்பியும் அதிகமாகிப் போகவே, கம்பியே இல்லாத வாய்ப்பாட்டுக்கு வந்தது. அங்கேயும் "தெரியும் சார்" என்றதோடு சரி, ஒரு ஸ்வரம் பாடவில்லை.

"முதலில் பத்து நாள் வாயை மூடிக்கொண்டு கேள்" என்று தேவாங்கு எரிந்து விழுந்தது.

மறுநாள் ஓணான் வரவில்லை. பக்கத்து வேலியில் அது மாட்டிய பலகை ஒன்று தொங்கியது: "கிடார், உகுலேலே, வாய்ப்பாட்டு. எல்லா வயதினருக்கும்." தேவாங்கு விழுந்து விழுந்து சிரித்தது.

மாதம் முடிவதற்குள் தேவாங்கின் வகுப்பில் பாதி காலி. கடைசியில் அணிலம்மாவும் தன் குட்டியை அழைத்துப்போக வந்தாள்.

"நீங்க மூணு மாசமா தப்பு, தப்புன்னே சொல்றீங்க. நாலு நாளா அங்கேயும் போறான்; இவன் எதை வாசிச்சாலும் ஓணான் சார் சரின்னு தலையாட்டுறார்."

தேவாங்கு கேட்டது: "அப்படி என்னம்மா வாசிக்கிறான்?"

"அது எங்களுக்கு எங்கே தெரியும்? சார் தலையாட்டுறாரே, போதாதா?" என்று சொல்லிவிட்டு, குட்டியை இழுத்துக்கொண்டு அணிலம்மா வேலிப்பக்கம் ஓடினாள்.