காலியான கட்டில்

“இதோட நாலாவது இடம், சிஸ்டர். நீங்களும் இல்லைன்னுடாதீங்க” என்றாள் பிலோமினம்மாள், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்தக் காப்பகத்தை, ஞாயிறுதோறும் பூசைக்குப் போகும்போது தம்பி ஆம்ப்ரோஸுடன் கடந்து போவாள். உள்ளே நுழைவது இதுதான் முதல் தடவை. விடியலிலிருந்து வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைத்துவிட்டு, பாதி நாள் லீவு கேட்டு வந்திருந்தாள். உடம்பு அடித்துப் போட்டது போல் வலித்தது.

சிஸ்டர் பெர்னதெத் ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டார். “தம்பிக்கு வயசு?”

“முப்பத்தொண்ணு. புத்தி மட்டும் ஆறு வயசுப் பிள்ளைக்குத்தான். சாது, சிஸ்டர். ஆனா மூணு மாசமா, மத்தியானம் ஆனா காணாமப் போயிடறான். பக்கத்து ரூம் ஹலீமாகிட்ட விட்டுட்டுத்தான் வேலைக்குப் போறேன். அவங்க அடுப்புப் பக்கம் திரும்பினா நழுவிடறான். எங்கடா போனேன்னு கேட்டா சிரிக்கிறான். நேத்து ஒரு லாரிகிட்ட மயிரிழையில தப்பிச்சானாம். எனக்கு ராத்திரி கண்ணே மூட மாட்டேங்குது.”

சிஸ்டரின் பேனா நின்றது. “எத்தனை மணிக்குப் போறார்?”

“மூணு மணி வாக்கில. எதுக்குக் கேக்கறீங்க?”

சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றுக்குச் சில நிமிடங்களே இருந்தன.

“ஒரு கட்டில் காலியா இருக்கு. ஆனா உங்களுக்கு முன்னாடியே இன்னொருத்தர் கேட்டிருக்கார். தினமும் வந்து கேக்கறார். வீட்டுல ஒருத்தருக்கு ரொம்ப முடியலயாம். தூக்கமே இல்லையாம்.”

பிலோமினம்மாளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். “அவருக்கு சொந்தபந்தம் யாராவது இருப்பாங்க. எங்க அப்பா, அம்மா ஜப்பான்காரன் காலத்துலயே போயிட்டாங்க. அவனுக்கு நான், எனக்கு அவன். அவ்வளவுதான்.”

சொல்லும்போதே அப்படிப்பட்டவனையா கொண்டுவந்து விடப் பார்க்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

“அவர் வர்ற நேரம்தான். நீங்களே பேசிப் பாருங்க” என்றார் சிஸ்டர்.

வாசல் கேட் கிறீச்சிட்டது. தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் நெருங்கியது. இன்று சண்டை போட்டாவது அந்தக் கட்டிலை வாங்கிவிடுவது என்று எழுந்து திரும்பினாள் பிலோமினம்மாள்.

சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க ஆம்ப்ரோஸ் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, நீயே வந்துட்டியா? உனக்குத்தான் தினமும் சிஸ்டர்கிட்ட கட்டில் கேக்கறேன். இனிமே நீ நல்லாப் படுத்துத் தூங்கலாம்!”