தயிர் கேக்

தயிரில் ஆப்பசோடா விழுந்ததும் கிண்ணம் மெல்ல நுரைக்கிறது. அன்புச்செல்வி அதை மைதாவில் ஊற்றிக் கலக்குகிறாள். செங்கம் ரோட்டுச் சந்தில் இந்த மாடியை வாடகைக்கு விடும்போது வீட்டுக்காரம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கறி, முட்டை படியேறக் கூடாது. இன்று அன்புச்செல்வியின் மகளுக்குப் பிறந்தநாள். அடி அண்ணாமலையிலிருந்து வந்த அக்கா ஆராயி, மடியில் துணிப்பையோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். பைக்குள், வைக்கோலுக்கு நடுவே, அவள் வளர்க்கும் கோழியின் முட்டைகள். "ரெண்டு ஒடச்சி ஊத்தினா பூ மாதிரி வருமேடி" என்கிறாள். "மெதுவா பேசுக்கா, கீழ கேக்கும். போன வீடும் இதாலதான் போச்சு."

குக்கரில் கேக் வேகிறது. ஜன்னலில் மழைமூட்டம் மலையை மறைத்திருக்கிறது. வெனிலா வாசனை மட்டும் படியிறங்கிப் போகிறது. கேக்கைத் தட்டில் கவிழ்க்கும்போது வீட்டுக்காரம்மா வாசலில் வந்து நிற்கிறாள்.

"முட்டை போட்டியா?"

"தயிர்தாங்க."

அவள் ஒரு துண்டைப் பிய்த்துத் தின்று பார்க்கிறாள். முகம் தெளிகிறது. "நல்லா வந்திருக்கே. உங்க அக்காவா? பையக் கீழ வெச்சிட்டு நல்லா உக்காருங்கம்மா."

ஆராயி தலையாட்டுகிறாள். பையை ஒரு கையால் அணைத்தபடியே, மறு கையை நீட்டிக் கேக்கை வாங்கிக்கொள்கிறாள்.