துவைக்க வந்த சட்டை

தடுப்பு முகாமின் ஜன்னல் வழியே அழுக்குத் துணி மூட்டையை வெளியே தள்ளினார் அதிகாரி. வாராவாரம் இப்படித்தான். அம்மா துவைத்த துணியைக் கொடுப்பாள். மகன் உடுத்திக் கழற்றியதை வாங்கிப் போவாள்.

"ஐயா, ஒரே ஒரு தடவை அவன் முகத்தைக் காட்டக் கூடாதா?"

"போர் முடியட்டும்மா. சட்டப்படி மாத்துத் துணி குடுக்கிறோம், வேளைக்குச் சோறு போடுறோம். மனித உரிமைக்காரங்களே வந்து பாத்து மெச்சிட்டுப் போனாங்க. வேற என்ன வேணும்?"

அம்மா அங்கேயே மூட்டையை அவிழ்த்து நீல முழுக்கைச் சட்டையை எடுத்தாள். காலரில் அழுக்கு, முதுகில் வியர்வைக் கறை.

"போன வாரம் நான் குடுத்த சட்டை. போட்டானா?"

"வாரம் பூரா அதைத்தான் போட்டிருந்தான். என் கண்ணால பாத்தேன்."

"அப்ப இந்தச் சட்டைக் கைக்குள்ள உங்க கையை விட்டுக் காட்டுங்க."

"என்னம்மா வம்பு பண்றே?"

"விடுங்கய்யா."

ஆள் நகர்ந்தால் போதும் என்று அவர் கையை நுழைத்தார். முழங்கையிலேயே முட்டி நின்றது.

"கொஞ்ச நாளா துணியில என் புள்ள வாடையே இல்லை. அதான் ரெண்டு கையையும் உள்பக்கமா தச்சு மூடிக் குடுத்தேன். ஒரு தையல்கூடப் பிரியலை."

அதுவரை ஐயா ஐயா என்று குழைந்த குரல், பின்னால் துணி மூட்டைகளோடு நின்ற வரிசை முழுக்கக் கேட்க வெடித்தது.

"அழுக்கைப் பூசத் தெரிஞ்சவனுக்குப் போட்டுப் பாக்கத் தோணலையாடா? எங்கடா என் புள்ள?"