கோடு போட்ட சிங்கம்

மறுநாள் இலங்கையின் சுதந்திர தினம். பழுகாமத்துப் பாலர் பாடசாலையில் பிள்ளைகள் காகிதக் கொடி செய்துகொண்டிருந்தார்கள். பச்சையும் செம்மஞ்சளும் ஒட்டியாயிற்று. சிங்கப் படம் கீறுவது மட்டுமே மிச்சம்.

ஹம்சிகாவின் கொடியை ஆர்த்திகா டீச்சர் குனிந்து உற்றுப் பார்த்தாள். சிங்கத்தின் மேல் தலையிலிருந்து வால் வரைக்கும் கறுப்புக் கோடுகள். பார்க்கிறவர்கள் புலி என்றுதான் சொல்வார்கள். நாளைக்கு விருந்தினராக வருகிறவரோ இராணுவ முகாம் அதிகாரி.

வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மகள், ஆரு இப்பிடிக் கோடு போடச் சொன்னது? அப்பாவா?"

"இல்ல டீச்சர்."

"மாமாவா?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நானாத்தான் போட்டன்."

"வேற ஆருக்கும் காட்டினீங்களா?"

"எல்லாருக்கும் காட்டினன்."

ஆர்த்திகா கொடியைப் பறித்து மடித்து மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டாள். ஹம்சிகாவின் கண் கலங்கியது.

"அது கோடு இல்ல டீச்சர், கம்பி. கொழும்பில மிருகக்காட்சிச்சாலையில சிங்கம் கம்பிக்குள்ளதான் நிண்டது."

ஆர்த்திகாவுக்கு மூச்சு வந்தது. சுதந்திர தினக் கொடியில் கூண்டுக்குள் சிங்கம் என்பது உறைத்ததும், வந்த மூச்சு பாதியில் நின்றது.

புதுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"கூட்டைத் திறந்து விட்டுட்டுக் கீறுங்க, மகள்."