ஏழுக்கு ஐந்து

டென்னிஸ் கோர்ட்டில் அன்று நான்கு பேர். தேயிலைத் தோட்டத்துக்கு மேனேஜராகப் புதிதாக வந்திருந்த பெரியதுரை, பிளாஸ்கோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, ஸ்கோர் சொல்ல உயர நாற்காலியில் ஏறியிருந்த கிளப்பில் கணக்கெழுதும் கிளாக்கர் அன்டன், எதிர்ப்பக்கத்தில் விஜிதரன். வேலிக்கு வெளியே, காயாத துணியைத் திரும்பத் திரும்ப உதறிக்கொண்டு நின்ற அவன் மனைவி பிரேமினியை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த ஒரு ஆட்டத்துக்காக விஜிதரன் மூன்று வாரமாகத் தயாராகியிருந்தான். விடிந்ததும் மலைப்பாதையில் ஓட்டம், பிறகு சுவரில் இருநூறு பந்து, சோறு பாதி. துரை மற்றவர்களோடு ஆடும்போதெல்லாம் வலையைச் சரிசெய்கிற சாக்கில் நின்று பார்த்தான். அவருடைய இரண்டாவது சர்வீஸ் குட்டையாக விழும். பேக்ஹேண்டில் பலம் கிடையாது. ஐந்து கேம் போனால் இடது கால் இழுக்கும்.

அன்று காலை ரொட்டியைத் தட்டில் போட்டபடி பிரேமினி கேட்டாள்.

"எத்தனைக்கு முடிக்கப் போறீங்க?"

"ஏழுக்கு அஞ்சு."

"போன வருசமும் இப்படித்தான் சொன்னீங்க. பழைய தொரைகிட்ட கடைசில என்னா கூத்து நடந்துச்சு?"

"பந்து நெட்டுல பட்டு அந்தப் பக்கம் விழுந்துருச்சு புள்ள. அதுக்கு நான் என்னா செய்ய?"

"அவரு மாறிப் போற நேரமா இருந்ததால தப்பிச்சோம். இந்தத் தடவயும் அப்படித் தவறி ஜெயிக்கப் பாக்காதீங்க. எனக்கு சாமான் கட்டத் தெம்பில்ல."

கிளப்பில் அங்கத்தவர்களோடு ஆடுவதற்காகச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஆட்டக்காரனுக்கு மார்க்கர் என்று பெயர். விஜிதரன் பன்னிரண்டு வருடமாக மார்க்கர். கிளப்புக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீடு அந்த வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் அவர்களுக்கு இருந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவும் மண்சரிவில் போய்விட்டது.

அவனுக்கு முன்னால் இருந்த மார்க்கர் செல்லசாமி. "முழுசா விளையாடு" என்று அப்போதைய துரை சொன்னதை நம்பி, ஆறுக்கு ஒன்றில் அவரை ஜெயித்தான். மறு வாரம் லொறியில் தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.

புதிய துரையும் வந்த அன்றே விஜிதரனைக் கூப்பிட்டுச் சொன்னார். "நீ எனக்காக சும்மா விளையாட வேணாம். முழுசா விளையாடணும். சரிதானே?"

"சரிங்க தொர."

எல்லாத் துரைமாரும் முதல் நாள் சொல்வதுதான்.

பந்தை வலையில் அடிப்பது யாராலும் முடியும். கோட்டுக்கு இரண்டு விரல் வெளியே, அதுவும் ஓடிக் களைத்து அடித்தது போல அடிக்கத்தான் மூன்று வாரம் வேண்டும். சோற்றைக் குறைத்ததும் அதற்குத்தான். மூச்சு நிஜமாகவே வாங்கும்.

ஆட்டம் ஐந்துக்கு ஐந்து வரை திட்டப்படி போனது. பதினோராவது கேமில் துரை அடித்த பந்து ஓரத்தில் விழுந்தது. "உள்ள" என்றார் அன்டன்.

துரை கையை உயர்த்தினார். "இல்ல அன்டன். என் பந்து வெளிய. பாயிண்ட் அவனுக்கு."

அன்டன் நாற்காலியில் நெளிந்தார். விஜிதரனுக்கு எரிச்சல் வந்தது. வேலை கூடிவிட்டது. அந்தப் பாயிண்டை ஈடுகட்ட அவன் இன்னொரு பந்தைக் கோட்டைத் தாண்டி அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பினான்.

கடைசிப் பந்துக்கு அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் உயிரைக் கொடுத்து ஓடினான் என்றுதான் சொல்வார்கள். அரை அடி போதவில்லை. முழங்காலில் செம்மண் அப்பிக்கொண்டது.

"ஏழுக்கு அஞ்சு, தொர ஜெயிச்சாரு!" அன்டனின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. துரையின் மனைவி கைதட்டினாள். வேலிக்கு வெளியே பிரேமினி துணியைக் கொடியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள்.

துரை வலைக்கு வந்து கை கொடுத்தார். விஜிதரனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அன்டனை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

விஜிதரன் ராக்கெட்டுகளைச் சாமான் அறையில் மாட்டிக்கொண்டிருந்தபோது அன்டன் திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"ஒன் சாமான் ஏதும் உள்ள இருக்கா விஜி?"

"இந்தத் துவாய் மட்டுந்தாங்கய்யா."

"எடுத்துக்க."

எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்குப் பின்னால் அன்டன் கதவைச் சாத்தி, பூட்டிலேயே தொங்கிய சாவியால் பூட்டினார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அறைச் சாவி எப்போதும் மார்க்கரிடம்தான் இருக்கும். விஜிதரன் கையை நீட்டினான். அன்டன் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏங்கய்யா? நான்தான் தோத்துக் குடுத்தேனே! பாத்தீங்கதானே?"

அன்டன் பூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அறுபது வயசு என்கிட்ட தோக்குறவன் கிளப்புக்கு எதுக்குன்னு தொர கேக்குறாருப்பா."