பை வைத்த நாற்காலி

பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்துவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் ஆள் வருது, ஆள் வருது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆள் வராது என்று எனக்கே தெரியும்.

பெங்களூர் காக்ஸ் டவுன் சர்ச் ஹாலில் அன்றைக்கு எங்கள் ஜோகுபாளையம் பிள்ளைகளின் ஆட்டம். தியோடர் மாஸ்டர் சாயந்திரங்களில் காசு வாங்காமல் சொல்லித்தருகிற பிள்ளைகள். அங்கே தமிழ் வீட்டுப் பிள்ளை பாங்க்ரா ஆடும், உருது வீட்டுப் பிள்ளை கோலாட்டம் ஆடும். என் மகள் ரூபினிக்குக் கிடைத்தது கன்னடக்காரர்களின் பெரிய பொம்மை ஆட்டம்.

ராஜா பொம்மை இரண்டு ஆள் உயரம். மூங்கில் கூடு. உள்ளே ஒரு ஆள் நுழைந்து அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும். காலேஜ் போகிற கிரண்தான் தூக்குவான். ரூபினி அதற்கு முன்னால் ஆடுவாள்.

என் வீட்டுக்காரர் உத்தமனுக்கு இதெல்லாம் ஆகாது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற மனுஷன். எவ்வளவு பெரிய மூட்டைக்கும் அசர மாட்டார். யாராவது சிரித்துவிட்டால் மட்டும் உயிரே போய்விடும்.

"வயசுப் பொண்ணு மேடையேறி ஆடினா நாலு பேர் சிரிப்பாங்க. இந்தத் தடவையோட சரி. மைசூருக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்."

அடுத்த மாதம் மைசூரில் பெரிய மேடை. அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரே ஒரு தடவை அவள் ஆடுவதை வந்து பாருங்கள், அப்புறம் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மூட்டை விழுந்து நசுங்கிய அவர் கால் விரலுக்கு ஊதா மருந்து போடுகிற சாக்கில் காலையிலும் கெஞ்சினேன். காலை நீட்டி, மருந்தை மட்டும் போடு என்றார். வந்த கோபத்தில் மருந்தைப் பாட்டிலோடு அந்தக் காலில் கவிழ்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்தது பொம்மை ஆட்டம், கொஞ்சம் பொறுங்கள் என்று மாஸ்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் முகமே சரியில்லை. வெகுநேரம் கழித்துத்தான் திரை விலகியது.

ரூபினி வந்தாள். என் பிள்ளையா இது என்று இருந்தது. வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வைக்கச் சொன்னால் நாலு தடவை முனகுகிறவள், அங்கே மேடையையே சொந்தமாக்கிக்கொண்டு ஆடினாள்.

பின்னாலேயே பொம்மை வந்தது. வந்த வேகத்தில் திரையில் மோதிக்கொண்டது.

ஹால் சிரித்தது.

அவள் சுற்றினால் பொம்மை நின்றது. அவள் நின்ற பிறகு நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றியது. கல்யாண வீட்டில் யாரோ கையைப் பிடித்து இழுத்துவிட்ட சித்தப்பா மாதிரி ஆடியது. சனங்களைப் பார்த்துக் குனிந்து கும்பிட வேண்டிய இடத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரூபினியைப் பார்த்து நின்றது. எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எங்கள் தெரு பிரிஜெட் அக்கா, கேமராவில் மிச்சமிருந்த ரோலையெல்லாம் அந்த முதுகைப் படம் பிடித்தே தீர்த்தாள்.

எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் வராததும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். இந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தால் அப்போதே மேடையேறிப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போயிருப்பார்.

யாரோ நொண்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்கள்.

"ஆன்ட்டி, பையை எடுத்துக்கிறீங்களா? அங்கிளுக்கு இந்தச் சீட்டு வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. கேலி பண்ணுகிறானே என்று பையை வெடுக்கென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் உட்கார்ந்தான். கணுக்காலில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

கிரண்.

கிரண் இங்கே இருந்தால் பொம்மைக்குள் யார்?

நிமிர்ந்து பார்த்தேன். ராஜாவின் அங்கிக்குக் கீழே இரண்டு பாதங்கள். ஒன்று வெறும் பாதம். இன்னொன்று கணுக்கால் வரைக்கும் ஊதா.

பின்பக்கக் கதவோரம் ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். கிரணுக்குக் கால் பிசகிவிட்டது, பொம்மை இல்லாவிட்டால் ரூபினியின் ஆட்டமும் இல்லை என்று மாஸ்டர் சொன்னது காதில் விழுந்ததாம். யாரும் கேட்காமலே போய்க் குனிந்து உள்ளே நுழைந்துகொண்டாராம். கிரண் என் காதோடு சொன்னான்.

பொம்மையின் வயிற்றில் உள்ளிருப்பவர் பார்ப்பதற்கு ஒரு ஓட்டை உண்டு. அந்த ஓட்டை, ரூபினி போகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூடச் சனங்களுக்காகத் திரும்பவில்லை. அப்புறம் தாளம் எங்கே நிற்கும்.

ஹால் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. நாலு பேர் இல்லை, நானூறு பேர் இருக்கும். அந்த மனுஷன் ஆடிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது அவரை அவ்வளவு பிடித்தது.

"மைசூருக்குள்ள இந்தக் கால் சரியாகாது போல ஆன்ட்டி," என்றான் கிரண்.

சரியாகவே வேண்டாம் ராசா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். சர்ச் ஹாலில் உட்கார்ந்துகொண்டு அப்படி வேண்டலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை.

கைதட்டல் அடங்கியதும் பிரிஜெட் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள். பாவம், உன் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் வரவே இல்லையே என்றாள்.

பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அவருக்கு ஆட்டம்னாலே ஆகாதுக்கா."