மூன்றாம் தட்டு

மூன்று முறை இழுத்தான்.

கயிறு அசையவில்லை.

அந்தரத்தில் தொங்கினான். ஒரு கையில் புகைப் பந்தம், மறு கையில் பாறை விளிம்பு. முதுகுக்குப் பின்னால் அருவி.

ஐந்து தட்டாக விழும் அருவி அது. ஒவ்வொரு தட்டிலும் தண்ணீர் ஒரு பக்கம் திரும்பும். இடுக்கு அத்தனை குறுகல். மேலே நிற்பவனுக்குக் கீழே தொங்குபவன் தெரியமாட்டான். கத்தினாலும் கேட்காது. ஒருமுறை இழுத்தால் இறக்கு, மூன்று முறை இழுத்தால் தூக்கு. அவ்வளவுதான் பேச்சு.

மூன்றாம் தட்டின் அடியில் இருந்த தேனடையை அறுத்து டின்னில் போட்டாயிற்று. இனி ஏற வேண்டியதுதான்.

மறுபடி மூன்று முறை இழுத்தான்.

மேலே கயிறு பிடித்திருப்பவன் தவசி, பெண்டாட்டி பூவாயியின் தம்பி. தேனுக்கு இறங்குகிறவனுக்கு மைத்துனன்தான் கயிறு பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். கூடப் பிறந்தவள் தாலியை அறுக்க எவனுக்கு மனசு வரும்?

வரும், வராமல் என்ன!

காலையில் கஞ்சிக்கு உப்புப் பத்தவில்லை என்று பூவாயியை அறைந்திருந்தான். ஓர் அறையோடு விட்டானா, பாவி? அவள் அழவில்லை. எழுந்து நடந்துவிட்டாள். தாய்வீட்டுக்குத்தான் போகிறாள், சாயங்காலம் தானாக வருவாள் என்று இவன் கிளம்பி வந்துவிட்டான்.

இடுப்பில் கயிறு கட்டும்போது தவசி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதுதான் அது உறைத்தது.

அக்காவை அடித்தது தவசிக்குத் தெரிந்துவிட்டது.

சட்டென்று கயிறு ஒரு சாண் கீழே இறங்கியது.

ஐயோ!

பந்தம் கைநழுவியது. நாலாம் தட்டில் பட்டுத் தெறித்தது. ஐந்தாம் தட்டில் காணோம். செத்தோம் என்றே நினைத்தான்.

கயிறு இறுகியது.

மெல்ல மேலே போக ஆரம்பித்தது. தவசி இழுத்தால் முழம் முழமாக ஏறும். இது சாண் சாணாக ஏறியது. பாறையில் காலை ஊன்றி ஊன்றித் தொற்றினான்.

விளிம்புக்கு மேலே தலை வந்தது.

தவசி பத்தடி தள்ளிக் கைகட்டி உட்கார்ந்திருந்தான். மரத்தைச் சுற்றி வந்த கயிறு பூவாயி கையில் இருந்தது. அவள் கன்னம் வீங்கியிருந்தது.

“எங் கையில இருந்தா விட்டுருவேன் மச்சான்,” என்றான் தவசி. “அதான் அக்காகிட்ட குடுத்துட்டேன்.”

இவன் நெஞ்சுவரைதான் மேலே வந்திருந்தான். கால்கள் இன்னும் வெளியே தொங்கின.

பூவாயி இழுப்பதை நிறுத்தினாள். விடவும் இல்லை. புருஷன் முகத்தையே பார்த்தாள்.

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டுப் பழக்கமில்லை அவனுக்கு.